ஒன்பது நிமிடம், ஐந்து நட்சத்திரம்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வேலங்குளம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு விஞ்ஞானம் வந்தது. அட்டைப் பெட்டியில் வந்தது. உள்ளே ஸ்லேட் அளவில் ஒரு டேப், கையடக்கமான ஈ.சி.ஜி. மெஷின், இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு சார்ஜர். ஆப்பின் பெயர் ‘விரைவிதயம்’. இதயம் விரைவாக அடித்தால் அதுவும் ஒரு வியாதிதான் என்று பெயர் வைத்தவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

பயிற்சி கொடுக்க மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் முதலில் பெயரைப் பதிய வேண்டும். ஈ.சி.ஜி. எடுத்து ‘அனுப்பு’ என்பதைத் தொட வேண்டும். அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கும் இதய டாக்டரின் போன் அலறும். அவர் பார்த்துவிட்டு, மாரடைப்புதான், ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடுங்கள் என்பார். நாங்கள் போடுவோம். பெயர் பதிந்த நொடியில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். ஊசி போட்டதாகக் குறித்ததும் நிற்கும். முப்பது நிமிடத்துக்குள் என்றால் பச்சை. தாண்டினால் சிவப்பு.

“முன்னெல்லாம் இந்த ஊசிக்கு மாவட்டத்துக்கே போகணும் மேடம். பாதி வழியிலயே...” என்று சொல்லி, மரியாதைக்காக நிறுத்தினார். பாதி வழியில் என்ன ஆகும் என்று, அவசர வார்டில் முப்பத்தொரு வருடமாக நிற்கிற எனக்குச் சொல்லித் தருகிறார்.

“தவமணி சிஸ்டர், இதுக்கு நீங்கதான் பொறுப்பு” என்றார் பெரிய டாக்டர் சந்தானகோபால்.

“நான் எதுக்கு சார்?”

“நீங்கதான் வாட்ஸ்அப்ல வேகமா டைப் பண்ணுதீங்க.”

வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். இவர், அதாவது வீட்டுக்காரர், காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொண்டு மட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சார்ஜரைக் காணோம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சார்ஜர் பிரசவ வார்டில் கிடைத்தது. அங்கே யாருடைய போனுக்கோ உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது.

முதல் கேஸ். பருத்தி வியாபாரி, அறுபது வயது. மதியம் ஒன்றரைக்கு வந்தார். டியூட்டியில் டாக்டர் நஸ்ரின். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். பெயர் பதிந்தோம், அனுப்பினோம். இரண்டே நிமிடத்தில் மாவட்டத்திலிருந்து டாக்டர் ஜோயல் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லிவிட்டார். எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். முன்பெல்லாம் அங்கே ஒருவரைப் போனில் பிடிப்பதற்குள் இங்கே ஒருவர் இருக்கமாட்டார்.

பிறகுதான் ஊசி எங்கே என்ற கேள்வி வந்தது. விலை உயர்ந்த மருந்து என்பதால் ஸ்டோர் ரூம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஸ்டோர் பூட்டியிருக்கிறது. சாவி ஃபார்மசிஸ்ட் பொன்னுலிங்கத்தின் இடுப்பில். இடுப்பு ஏழு கிலோமீட்டர் தள்ளி அவர் வீட்டில், சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. போன் பைக் பெட்டிக்குள்.

ஐம்பத்திரண்டு நிமிடம். டேப் சிவப்பானது. ‘தாமதத்துக்குக் காரணம்?’ என்று கேட்டு மூன்று விடைகளைக் காட்டியது: நோயாளி தாமதமாக வந்தார், நெட்வொர்க் இல்லை, நோயாளி சம்மதிக்கவில்லை. சாப்பாடு என்று ஒரு விடை இல்லை. நெட்வொர்க் என்று தொட்டேன்.

வியாபாரி பிழைத்துக்கொண்டார். ஆப்பில் அதற்குக் கட்டம் கிடையாது.

பிப்ரவரி 13, வியாழன்

வீடியோ மீட்டிங்கில் மாவட்டமே பார்க்க, பெரிய டாக்டருக்கு அந்தச் சிவப்புக்காகத் திட்டு. மீட்டிங் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், இனிமே ஊசி கைக்கு வந்தப்புறம் பேரைப் பதிங்க. அதுவரைக்கும் பேஷன்ட் வரலைன்னு வச்சுக்கோங்க.”

“அவரு கட்டில்ல படுத்திருப்பாரே சார்.”

“ஆப்ல படுக்கலையே.”

“அதுக்குப் பதிலா ஊசியில ரெண்டை வார்டு ஃப்ரிட்ஜில வச்சுக்கலாமே?”

“அதுக்கு மேல எழுதி அனுமதி வாங்கணும். எழுதினா, இத்தனை நாளா ஏன் எழுதலைன்னு கேப்பாங்க.”

நியாயம்தான். எனக்கென்ன, ஓய்வு பெற இன்னும் நாலு வருடம். சொன்னதைச் செய்தால் நாலு வருடம் நாலு வருடமாகவே போகும்.

மார்ச் 1, சனி

பிப்ரவரிக் கணக்கு வந்தது. அந்த ஒரு சிவப்புக்குப் பிறகு ஆறு கேஸ். ஆறும் பச்சை. சராசரி பதினொரு நிமிடம். வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தேழு பேர் கைதட்டினார்கள். பொன்னுலிங்கமும் தட்டினார், சாப்பிட்ட கையோடு.

ஆறு பேரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதனால் இந்த முறையில் பெரிய தவறொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

மோட்டார் சரியாகிவிட்டது. மெக்கானிக் வந்து ஒரு தட்டு தட்டினார்.

மார்ச் 6, வியாழன்

ஒரு கேஸ். காசிராஜன், வயது 49. பஸ் ஸ்டாண்டு எதிரே சர்பத் கடை. ஈ.சி.ஜி. சந்தேகமாக இருந்தது. சாவி வரும்வரை அனுப்ப வேண்டாமென்று முடிவாயிற்று.

ஒன்பது நிமிடம். பச்சை.

ஆள் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

லீவு. மோட்டார் பார்க்க ஆள் வருகிறார் என்று விண்ணப்பத்தில் காரணம் எழுதினேன்.

மார்ச் 14, வெள்ளி

டியூட்டி முடிந்து வரும்போது தாகம். பஸ் ஸ்டாண்டு எதிரே நன்னாரி சர்பத் குடித்தேன். அந்தக் கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. காசிராஜனின் மனைவி சண்முகக்கனி நின்றாள். நாற்பது வயது இருக்கும். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“சிஸ்டர்தானே? நீங்க அன்னைக்கு ரொம்ப ஓடுனீங்க. நான் பாத்தேன்” என்றாள்.

ஓடினேன்தான். எதற்கு ஓடினேன் என்று அவளுக்குத் தெரியாது. பொன்னுலிங்கத்தின் பைக் வருகிறதா என்று வாசலுக்கும் வார்டுக்கும் ஓடினேன்.

எனக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது. சர்பத் குடிக்கக்கூடாது.

மார்ச் 17, திங்கள்

சர்பத்.

மார்ச் 20, வியாழன்

சர்பத். இவர், “என்ன, தினமும் பஸ் ஸ்டாண்டு வழியா சுத்தி வாறே?” என்று கேட்டார். அந்த வழியில் நிழல் அதிகம் என்றேன். அந்தப் பாதையில் ஒரு மரம் கிடையாது.

மார்ச் 24, திங்கள்

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. சண்முகக்கனி தன் போனை என்னிடம் நீட்டினாள்.

“இது என்ன போட்டிருக்குன்னு சரியா சொல்லுங்க சிஸ்டர். நானே படிச்சேன். ஆனாலும் ஒருக்கா கேட்டுக்கிடுதேன்.”

மார்ச் ஆறாம் தேதி வந்த குறுஞ்செய்தி. ‘விரைவிதயம்: திரு. காசிராஜன் அவர்களுக்கு வந்து சேர்ந்த 9 நிமிடத்தில் சிகிச்சை தொடங்கப்பட்டது. எங்கள் சேவையை மதிப்பிட 1 முதல் 5 வரை நட்சத்திரம் தரவும்.’

வாசித்தேன். அவள் தலையாட்டினாள்.

“அதான் சிஸ்டர். நீங்க ஒம்பதே நிமிசத்துல ஊசி போட்டிருக்கீங்க. வீட்டுலதான் பிந்திப்போச்சு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர, வாய்வா இருக்கும்னு சோடா ஒடச்சுக் குடுத்தேன். ஒரு பத்து நிமிசம். எங்க நாத்தனார் அதையே சொல்லுதாங்க, எந்தம்பிய நீ சோடா குடுத்துக் கொன்னுட்டேன்னு. பதினாறாம் நாளோட சரி, அப்புறம் பேச்சே இல்ல. அவங்க சொல்லுதது சரிதானே? ஆஸ்பத்திரியில ஒரு பிசகும் இல்லையே.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அஞ்சு நட்சத்திரம் குடுத்துட்டேன்” என்றாள். “முடிஞ்சதைச் செஞ்சீங்களே.”

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடியும் துவைத்ததாக இவர் சொல்கிறார்.

மார்ச் 25, செவ்வாய்

மார்ச் 6-ஐத் திரும்பப் படித்தேன். ‘அனுப்ப வேண்டாமென்று முடிவாயிற்று’ என்று எழுதியிருக்கிறேன். நல்ல அலுவலகத் தமிழ். முடிவு என்பது மழை மாதிரி தானாக வந்து விழுந்ததுபோல.

நடந்தது இது. காசிராஜன் வந்தது 12.48. ஆஸ்பிரின் முதலான மாத்திரைகள் கொடுத்தோம். நஸ்ரின் டாக்டர் ஈ.சி.ஜி.யைப் பார்த்து, “எனக்கு உறுதியாத் தெரியல சிஸ்டர், ஜோயல் சாருக்கு அனுப்பிக் கேட்டிருவோமா?” என்றார். அனுப்பினால் கடிகாரம் ஓடும். “சாவி வந்திரட்டும் மேடம்” என்றேன். நான்தான் சொன்னேன். பெரிய டாக்டர் பக்கத்தில்கூட இல்லை. சாவி வந்து, பெயரைப் பதிந்தது 1.50. ஜோயல் சார் 1.52-க்கு, “இன்னும் ஏன் போடலை?” என்று கத்தினார். ஊசி 1.59.

எழுபத்தொரு நிமிடம். சோடா பத்து நிமிடம்.

ஏப்ரல் 9, புதன்

மாவட்டத் தலைநகரில் விழா. ‘டிஜிட்டல் முறையில் சிகிச்சைத் தாமதத்தைக் குறைத்த சிறந்த தாலுகா ஆஸ்பத்திரி’ என்று எங்களுக்குக் கேடயம். கேடயம் இதய வடிவத்தில், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பெரிய டாக்டர் மேடையில் என்னைச் சுட்டிக்காட்டி, “எங்க தவமணி சிஸ்டரோட விரல் வேகம்தான் காரணம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோவில் நன்றாக விழுந்திருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்ரின் டாக்டர் கை தட்டவில்லை. திரும்பி வரும் ஜீப்பில், “நான் அன்னைக்கு உங்களைக் கேக்காம அனுப்பியிருக்கணும் சிஸ்டர்” என்றார். ஜன்னல் வழியே காற்றாலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டு.

ஏப்ரல் 17, வியாழன்

இதை விவரமாக எழுத வேண்டும். நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

மதியம் 1.12. ஆஸ்பத்திரி வாசலுக்குள் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. நோயாளியைப் பஸ்ஸில் கொண்டுவருவார்கள், தெரியும். இது பஸ்ஸே நோயாளியைக் கொண்டுவந்தது, உள்ளே நாற்பது பயணிகளோடு. கண்டக்டர் அருணாசலவடிவு, வயது 46. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே படியில் சரிந்திருக்கிறார். டிரைவர் ஞானதுரை எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. கத்தரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மாள், “நான் விலக்கு ஸ்டாப்புலயே எறங்கியிருக்கணும், பரவால்ல, மொதல்ல இவரப் பாருங்க” என்று முந்தானையால் விசிறிக்கொண்டே உள்ளே வந்தாள்.

கண்டக்டர் உடம்பெல்லாம் வியர்வை. பை இன்னும் தோளில் தொங்கியது. கழற்றப் போனால், “கலெக்சன் இருக்கு” என்று பிடித்துக்கொண்டார்.

மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு டேப்பை எடுத்தேன். நஸ்ரின் டாக்டர் என் கையைப் பார்த்தார்.

“சாவி?”

“சாப்பிடுது மேடம்.”

“அப்ப பதிஞ்சா சிவப்பு வருமே. பெரிய டாக்டர்...”

“பதிஞ்சாச்சு.”

1.13. ஈ.சி.ஜி. போனது 1.18-க்கு. 1.20-க்கு ஜோயல் சார் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“பெரிய அட்டாக். உடனே ஊசி போடுங்க. என்ன காத்துட்டிருக்கீங்க?”

“சாவிக்கு சார்.”

“எந்தச் சாவி?”

“ஸ்டோர் சாவி. ஃபார்மசிஸ்ட் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்காரு.”

“இன்னைக்கு மட்டுமா?”

“எப்பவும் சார்.”

“உங்களுக்குச் சராசரி பதினொரு நிமிஷம்னு கேடயம் குடுத்தாங்களே?”

“அது ஆப்ல சார்.”

வார்டு வாசலில் நாற்பது பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய் அம்மாள்தான் முதலில் பேசினாள்: “பூட்டுதானே? ஒடைக்க வேண்டியதுதானே?”

முப்பத்தொரு வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

டிரைவர் பஸ்ஸிலிருந்து ஜாக்கி கம்பியை எடுத்து வந்தார். ஸ்டோர் வாசலில் நின்று, “சிஸ்டர், அரசாங்கப் பூட்டு. கேசு வருமா?” என்றார்.

“வரும். எம்பேர்ல வரும். அடிங்க.”

அரசாங்கப் பூட்டு லேசில் உடையாது என்று இன்று தெரிந்துகொண்டேன். பூட்டு அப்படியே இருந்தது, கதவில் அதை மாட்டிய கொண்டிதான் பெயர்ந்து வந்தது. ஊசி மருந்தை எடுத்து ஓடினேன். இந்த முறை எதற்கு ஓடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நஸ்ரின் டாக்டர் போட்டு முடிக்கும்போது 1.46.

முப்பத்து மூன்று நிமிடம். டேப்பைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி போட்ட ஊசிகளிலேயே வேகமானது அதுதான். டேப் சிவப்பாக எரிந்தது.

முக்கால் மணி நேரத்தில் வலி குறைந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் பையை டிரைவரிடம் கொடுத்து, “எண்ணிக் கட்டிருங்கண்ணே” என்றார். அதற்குப் பிறகுதான் பொன்னுலிங்கம் வந்தார். கொண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரு போன் பண்ணியிருக்கலாமே சிஸ்டர்” என்றார்.

பதினாலு தடவை பண்ணியிருந்தேன்.

ஏப்ரல் 19, சனி

கண்டக்டருக்கு ஆஞ்சியோ முடிந்து அடைப்பை எடுத்துவிட்டார்களாம். எழுந்து இட்லி சாப்பிட்டாராம்.

எனக்கு மெமோ. அரசு உடைமைக்குச் சேதம் விளைவித்தது, மாவட்டத்தின் முதல் நிலையை இழக்கச் செய்தது. இரண்டாவது குற்றம்தான் பெரிதென்று தடித்த எழுத்தில் இருந்தது.

பெரிய டாக்டர் கூப்பிட்டு இதமாகப் பேசினார். “பூட்டு துருப்பிடிச்சு இறுகிருச்சு, சாவி இருந்தும் திறக்க முடியலன்னு எழுதுங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

ஏப்ரல் 22, செவ்வாய்

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். ஜோயல் சார் புகார் கொடுத்திருக்கிறார், என் மேல் இல்லை, பதினொரு நிமிடத்தின் மேல்.

வாசலில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் வந்த நேரத்தைப் பேனாவால் நோட்டில் குறிப்பார். அந்த நோட்டையும் டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தள்ளிப் பதிந்தவர்கள் பதினெட்டுப் பேர். பதினெட்டுக்கும் இரண்டு இரண்டு நேரம். காசிராஜன் பெயருக்கு வந்ததும் இரண்டு நேரத்தையும் உரக்க வாசித்தேன்.

“பதிய வேண்டாம்னு யார் சொன்னது?” என்றார் அதிகாரி அம்மா.

“பொதுவாச் சொன்னது பெரிய டாக்டர். அன்னைக்குச் சொன்னது நான்.”

பெரிய டாக்டர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்ரின் டாக்டர் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பெரிய டாக்டர் விடுப்பில் போய்விட்டார், உடல்நலக் காரணம். என் மேல் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது. இடமாற்றம் நிச்சயம் என்கிறார்கள்.

இன்னொன்று. இன்று காலை வார்டு ஃப்ரிட்ஜில் நாலு ஊசி மருந்து வந்து உட்கார்ந்துவிட்டது. பூட்டு கிடையாது. எந்த அனுமதியைக் கேட்கவே பயந்தார்களோ, அந்த அனுமதி இரண்டு வரியில் வந்தது. பத்து மணிக்கு நெஞ்சுவலியோடு ஓர் ஆசிரியர் வந்தார். பத்தொன்பது நிமிடம். நிஜமான பத்தொன்பது. யாரும் கைதட்டவில்லை, குழுவையே கலைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 26, சனி

கடைக்குப் போனேன். சர்பத் வேண்டாம் என்றேன். உட்காரவும் இல்லை.

“சண்முகக்கனி, அந்த ஒம்பது நிமிசம் பொய். எழுபத்தொரு நிமிசம். ஊசி பூட்டிக் கிடந்துச்சு. மாவட்டத்து இதய டாக்டருக்கு அனுப்பிக் கேட்டிருக்கலாம், நான்தான் சாவி வரட்டும்னு சொன்னேன். நீ குடுத்த சோடாவால இல்ல.”

அவள் எலுமிச்சையை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“பொழச்சிருப்பாரா?” என்றாள்.

“தெரியாதும்மா. பொழச்சிருக்கலாம். அதுக்கு வாய்ப்பு இருந்துச்சு.”

“இத்தனை நாளும் இங்க வந்து சர்பத் குடிச்சீங்க.”

“ஆமா.”

“சொல்லாம.”

“ஆமா.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

“எழுதிக் குடுங்க. வந்த நேரம், ஊசி போட்ட நேரம். கையெழுத்தும் போடுங்க.”

நிலுவையில் ஒழுங்கு நடவடிக்கை இருக்கும்போது எதையும் எழுதிக் கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் சங்கச் செயலாளர் நேற்றுத்தான் சொல்லியிருந்தார். எழுதினேன். 12.48. 1.59. யார் காத்திருக்கச் சொன்னது என்பதையும் எழுதினேன். பதவியையும் பெயரையும் முழுதாகப் போட்டேன்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

“எங்க நாத்தனார் வீடு அடுத்த ஊர்தான். ஒண்ணரை பஸ்ஸுக்குப் போய்ட்டு வந்திருதேன்” என்றாள். பிறகு, மன்னித்ததுபோல இல்லை, வேலைக்காரிக்குச் சொல்வதுபோல, “கடையைப் பாத்துக்கோங்க” என்றாள்.

பார்த்துக்கொண்டேன். மூன்று மணி நேரத்தில் பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒருவர் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நாலரை பஸ்ஸில் அவள் திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பின்னாலேயே வயதான ஓர் அம்மாள், காசிராஜனின் அதே மூக்கோடு, பஸ் படியில் கால் வைக்கச் சிரமப்பட்டுக்கொண்டு இறங்கினார். சண்முகக்கனி அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மரமில்லாத அந்த வழியாகவே வீட்டுக்கு வந்தேன்.